மந்திரித்த நிக்கல் பொடி

ராஜா அண்ணாமலைபுரம்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் நோராவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தால் நான் நலம், அப்பா நலம் என்று எழுதக் கை வரவில்லை. கொரியாவில் குளிர் எப்படி, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? வாட்ஸ்அப்பை நீ திறப்பதேயில்லை, அதனால் கையால் எழுதிப் படம் பிடித்து உன் லேப் மெயிலுக்கு அனுப்புகிறேன், இதையாவது படி. அப்பாவின் இதய வால்வை மாற்றியே ஆகவேண்டும், தள்ளிப்போட்டால் தாங்காது என்று டாக்டர் ரகுபதி திங்கட்கிழமை ஆபரேஷன் வைத்திருக்கிறார். அப்பாதான் வரமாட்டேன் என்கிறார். உன் பேட்டரிப் பொடி கெட்ட நாளிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, கேட்டால், "எம் மக நாலு வருஷ உழைப்ப நாசம் பண்ணவனுக்குப் புது வால்வு ஒரு கேடா?" என்கிறார். மீன் கொண்டுவந்த தேசம்மாகூட, "இன்னாம்மா, சார் இப்டி உருகிப் பூட்டாரு, பொண்ணாண்ட சொன்னியா இல்லியா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் வேண்டுமென்றா செய்தார் கண்ணு? கிறிஸ்மஸுக்கு வந்தபோது நீதானே சொன்னாய், நிக்கலைக் கூட்டினால் பேட்டரி நிறைய சார்ஜ் பிடிக்கும், ஆனால் உள்ளே விரிசல் விட்டுச் சீக்கிரம் செத்துப்போகும், நீ பூசிய பூச்சில்தான் முதல் தடவையாக நிலைத்து நின்றது என்று. கேட்டு அவர் பூரித்துப்போனார். ஸ்கூட்டர் வாங்கினாலும் பரீட்சைக்குப் பேனா வாங்கினாலும் கோயிலில் மந்திரித்துவிட்டுத்தானே நம் வீட்டில் தொடுவோம். நீ கிண்டி காலேஜில் சோதனைக்குக் கொடுக்க வைத்திருந்த அந்தப் பொடிப் பொட்டலத்தை அந்தப் பழக்கத்தில்தான் தூக்கிக்கொண்டு போனார், கவர்மேல் தீர்த்தம் பட்டால் போதாது என்று சீலைப் பிரித்து ஃபாதரிடம் நீட்டிப் பொடிமேலேயே தெளிக்க வைத்திருக்கிறார். அந்தப் பொடிக்கு ஈரக்காற்றே ஆகாது என்று அவருக்கு எப்படித் தெரியும், எனக்கும்தான் தெரியாது. மறுபடி செய்தாலும் அதேபோல் வருமா தெரியாது என்று நீ சொன்னாய். நீ கத்தியிருந்தால் அவர் மனசு ஆறியிருக்கும். "பரவால்லப்பா" என்று ஒரு வார்த்தையோடு விமானம் ஏறினாய், அப்புறம் அவரோடு பேசவேயில்லை.

உன் நஷ்டம் சின்னது என்று நான் சொல்லவில்லையடி. அந்தப் பொடி திரும்ப வருமோ வராதோ, இவர் போனால் வரமாட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை, உன் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். மன்னிக்க மனசு வராவிட்டால் திட்டவாவது கூப்பிடு.

மாதா உன்னைக் கைவிடமாட்டாள், ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே. ஞாயிறு பூசைக்கு முன்னால் கூப்பிட மறந்துவிடாதே. ஃபோன் அவர் தலைமாட்டில்தான் இருக்கிறது, யார் கூப்பிட்டாலும் "நோராவா?" என்றுதான் எடுக்கிறார்.

உன் அம்மா,
ஜான்சி லூயிஸ்