காரணம் என்ற கட்டத்தில் அப்பா எழுதியது

அன்புள்ள வாண்டுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், வெள்ளம் வடிந்து வீடும் ஒருவழியாகக் காய்ந்துவிட்டது, நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவள் இப்போது எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், நான் இதைச் சொல்ல ஆரம்பித்தாலே போனைப் பிடுங்கிவிடுவார்.

உன் கார் விற்றுவிட்டது. இன்று காலை வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நீ சொன்ன இணைய ஏலத்தில்தான் போட்டோம், அதற்கு உன் அப்பா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பன்னிரண்டு படம் கேட்டார்கள், பாதிப் படத்தில் அவர் கட்டைவிரலும் சேர்ந்து விழுந்தது. படம் எடுப்பதற்கு முன்னால் காரை வேறு பளபளவென்று துடைத்து வைத்துவிட்டார், சேற்றுக்கோடு தெரிந்தால்தானே தண்ணீர் எதுவரை ஏறியது என்று வாங்குகிறவருக்குப் புரியும் என்று மாடிவீட்டு டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள், உடனே கோடு இருந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு மறுபடியும் எடுத்தார். குறைகளை எழுதச் சொன்ன இடத்தில் இன்ஜின் ஓடாது, ஏசி ஓடாது, சீட் நாறும், ஹாரன் மட்டும் தானாக அடிக்கும் என்று ஒன்று விடாமல் எழுதினார். இதைப் படித்தால் நானே வாங்க மாட்டேன் என்றேன். "ஏமாத்தி வித்தா வாண்டுக்குத்தான் கெட்ட பேரு, வண்டி அவ பேர்ல இருக்கு" என்றார். ஏலம் நடந்த ஐந்து நாளும் மனுஷர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, கடைசிப் பத்து நிமிடத்தில் சாப்பிடக் கூப்பிட்டதற்கு உஷ் என்று என்னை அதட்டினார், என்னவோ நான் பேசினால் ஏலம் கலைந்துவிடும் போல.

எடுத்தவர் ஒரு மெக்கானிக். கதவு, கண்ணாடி, சக்கரம் எல்லாம் கழற்றி வேறு வண்டிகளுக்குப் போடுவாராம். வாசலில் நின்று கையிலிருந்த ஏல விவரத் தாளைப் படித்துச் சிரித்தார். "எத்தனையோ முங்கின வண்டி எடுத்திருக்கேன் சார், சேதத்துக்குக் காரணம்னு கேட்டா எல்லாரும் வெள்ளம்னுதான் எழுதுவாங்க, நீங்க ஒருத்தர்தான் என் கவனக்குறைவுன்னு எழுதியிருக்கீங்க" என்றார். அப்பா சாவியை அவரிடம் கொடுத்தார். எனக்குச் சுருக்கென்றது, உள்ளே போய் அழுதேன்.

வாண்டு, அது பொய், அந்தப் பொய்க்கு நான்தான் காரணம். தெருவில் தண்ணீர் ஏற ஆரம்பித்ததுமே காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் விட்டுவர அப்பா கிளம்பிவிட்டார். உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் கூடச் செய்துவிட்டார். அந்த நேரம் பார்த்து நான் சமையலறை ஈரத்தில் வழுக்கி விழுந்தேன், எழுந்திருக்க முடியவில்லை, தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருந்தது. நான் கத்தியதைக் கேட்டுக் காரை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். அறுபத்தேழு வயதில் என்னைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார், என் எடைதான் உனக்குத் தெரியுமே. டீச்சர் வீட்டு ஜன்னல் வழியாக இரண்டு பேரும் எட்டிப் பார்த்தபோது ஸ்டீரிங் வரை தண்ணீர். எனக்கு இடுப்பில் ரத்தக்கட்டுதான், எலும்புக்கு ஒன்றுமில்லை, இப்போது நன்றாக நடக்கிறேன், பதறாதே. விழுந்தேன் என்று தெரிந்தால் அங்கே புது வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத நீ எல்லாவற்றையும் போட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவாய் என்று பயந்து, உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கினேன். மறுநாள் நீ போனில், "என் சம்பளத்துல வாங்கின முதல் வண்டிப்பா, அதை நகர்த்தி வைக்கக்கூடவா உங்களுக்குத் தோணல" என்று கேட்டாய். "ஆமாம்மா, என் தப்புதான்" என்று மட்டும் சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அன்றே வாயைத் திறந்திருக்க வேண்டும், உன் கோபம் ஆறட்டும் என்று விட்டேன், அது ஆறவே இல்லை. மூன்று வாரமாக "அம்மாகிட்ட குடுங்க" என்பதைத் தவிர நீ அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போன் மணி அடித்தால் அவர்தான் ஓடிப்போய் எடுக்கிறார், கவனித்தாயா? உன் குரலை அந்த இரண்டு வார்த்தைக்காவது கேட்கலாம் என்றுதான்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை கண்ணு, தெரியாமல் கேட்டாய். ஆசைப்பட்டு வாங்கின வண்டி போனால் யாருக்கும் வலிக்கும். உடம்பைப் பார்த்துக்கொள், வெறும் காபியைக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடாதே. நீ நினைத்தபடி எல்லாம் நடந்து நூறு வயது நன்றாக இரு.

ஒன்றே ஒன்று மட்டும் மறக்காதே. மன்னிப்பு அது இது என்று ஆரம்பிக்காதே, அவர் தாங்க மாட்டார். அடுத்த தடவை கூப்பிடும்போது என்னைக் கேட்காமல், "முதுகு எப்படிப்பா இருக்கு" என்று அவரைக் கேள். என்னைத் தூக்கின நாளிலிருந்து அவரால் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. யார் சொன்னது என்று கேட்டால் அம்மாதான் என்று சொல்லிவிடு, இனித் திட்டு வாங்குவது என் முறை.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா