ஆதாரம் போதாது

ஜூலை 6, ஞாயிறு
காலையிலிருந்தே புழுதிக்காற்று. ஃபஹாஹீலில் வளைகுடாக் கடலே கண்ணில் படவில்லை. எங்கள் கம்பெனிக் கிடங்கில் போன வாரம் பிடித்த தீயை விசாரிக்கும் குழுவில் என் பெயர். மற்ற இருவர்: மேனேஜர், செர்பியாக்கார இன்ஜினியர் மிலான். பழி ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கீழக்கரை சாதிக் மேல். சிகரெட் பிடித்தானாம்.
சாதிக்: "நான் அப்ப தொழுகையில இருந்தேண்ணே. கேமராவப் பாருங்க."
மேனேஜர்: "கேமரா மாஃபி சார், அங்க இல்ல. கலாஸ், முடிஞ்சுது. அவன் மேலதான் தப்புன்னு சைன் பண்ணுங்க."
வாங்க வேண்டியவை: தயிர், புளி, ஏசிக்கு ஃபில்டர்.

ஜூலை 7, திங்கள்
டீ நேரத்தில் மிலான் அவர் நாட்டு மனிதர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். பத்தொன்பதாம் நூற்றாண்டு. பாரிஸில் சட்டம் படித்தவர். ஆள்பவரை மக்கள் சபை கட்டுப்படுத்த வேண்டும் என்றவர். மந்திரி, பிறகு நீதிபதி. ஆட்சியைக் கவிழ்க்கச் சதி என்று ஒரு வழக்கு. ஆதாரம் போதாது என்று சொன்ன நீதிபதிகளில் இவரும் ஒருவர். ஆள்பவர் நீதிபதிகளையே சிறையில் தள்ளிவிட்டார்.
"அப்புறம்?"
"அப்புறம் மறுபடி மந்திரி. இஸ்தான்புல், பாரிஸில் தூதர்."
"எப்போது?"
"ஆள்பவர் செத்த பிறகு."
இருவரும் சிரித்தோம்.

ஜூலை 8, செவ்வாய்
மிலான் நேற்று மாலையே கையெழுத்துப் போட மறுத்துவிட்டாராம். இன்று கேட்டில் அவர் கார்டு வேலை செய்யவில்லை. மதியம் அவர் மேசை காலி. ஏர்போர்ட்டிலிருந்து போனில் ஒரு வரி: "போகிறேன். பார்த்துக்கொள்."
வீட்டில் மனைவி கல்பனாவிடம் சொன்னேன். "நமக்கு ஏங்க வம்பு? பெரியவ இந்த வருஷம் பத்தாவது" என்றாள். சோறு வடித்துக்கொண்டே. திரும்பவில்லை.

ஜூலை 9, புதன்
மேனேஜர் அறை. தாளை நீட்டினார். சாதிக்கின் பெயருக்குக் கீழே எழுதினேன்: ஆதாரம் போதாது. கையெழுத்து, தேதி. எழுத்து கோணல்.
அவர் கத்தவில்லை. எனக்கு டீ வரவழைத்தார். "ஃபேமிலி இங்கதானே சார் இருக்காங்க?"

ஜூலை 10, வியாழன்
காற்று நின்றுவிட்டது. வெயில். வேலையிலிருந்து நிறுத்திவைத்திருந்த சாதிக்குக்கு டூட்டி திரும்பக் கிடைத்ததாம். நிம்மதி, பத்து மணி வரை. பிறகு ஹெச்.ஆர். மெயில்: ஞாயிறு காலை, குடும்பத்தார் நால்வரின் பாஸ்போர்ட்டுகளுடன் வரவும். காரணம் இல்லை.
கல்பனா பீரோவிலிருந்து நான்கையும் எடுத்து வைத்தாள்.
மாலை சாதிக் போன். அழுகிற குரல்.
"டூட்டி தர்றதுக்கு முன்னால ஒரு பேப்பர் குடுத்தாங்கண்ணே. உங்க பேரு இருந்துச்சு, பக்கத்துல சிகரெட்டுன்னு இருந்துச்சு. மிச்சம் இங்கிலீஷு, புரியல."
"கையெழுத்துப் போட்டியா?"

"போட்டுட்டேண்ணே."