பீங்கான் தண்ணீர்

ராயபுரம்
3.6.2024

அன்புத் தம்பி சுஃபியானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மறுவாழ்வு இல்லத்தில் போன் தர மாட்டார்களாமே, அதனால்தான் பேனா பிடித்திருக்கிறேன். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? அம்மா சரியாகச் சாப்பிடுவதே இல்லை.

நேற்று உன் ஹெட்போன் டப்பாவில் வெள்ளிப் பேப்பரில் மடித்த காகிதம் ஒன்று அம்மா கையில் கிடைத்தது. கட்டம் கட்டமாக, தாவீசுத் தாயத்துக்கு எழுதுவது மாதிரியே இருக்கிறது. “எந்த ஹஜ்ரத்துகிட்டயோ ஓதி வாங்கி வெச்சிகிறான் புள்ள. கரைச்சுக் குடிக்கறதுக்குள்ள இட்டுகினு பூட்டானுங்க” என்று ஒரே அழுகை. பீங்கான் தட்டில் மக்காவிலிருந்து வந்த ஸம்ஸம் தண்ணீர் விட்டுக் கரைத்து உனக்குக் கொண்டுவருவாளாம். யார் ஓதிக் கொடுத்தது என்று எழுது.

அன்பு அக்கா,
உமைமா


6.6.2024

அக்கா,

ஸலாம். அது ஓதியது இல்லை. அம்மாவைத் தொட விடாதே. நான் இங்கே வந்து கிடப்பதே அந்த ஸ்டாம்ப்பால்தான். நாக்கில் வைக்கிற போதை அது. நீங்கள் கஞ்சா என்று நினைத்தீர்கள், நானும் வாயைத் திறக்கவில்லை.

ரம்ஜானுக்கு டிவியில் ஒரு படம் பார்த்தோமே, ஹீரோவின் தோஸ்து நாக்கில் காகிதம் வைத்துக்கொண்டு மாட்டோடு பேசுவானே, அம்மாகூடச் சிரித்தாளே, அதே சமாச்சாரம். ரீல்ஸில் கலர் கலராகச் சுற்றுவதைப் பார்த்து நானும் ஆசைப்பட்டேன். எனக்கோ என் கையே என் கழுத்தைப் பிடிக்க வந்தது. பிரஷர்காரி அம்மா எப்படித் தாங்குவாள்?

வார்டன் நாலு தடவை அம்மாவுக்குப் போன் போட்டார். தெரியாத நம்பரை அவள் எங்கே எடுப்பாள்? உன் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. கூரியரில் அனுப்புகிறேன். பார்த்ததும் எரித்துவிடு.

சுஃபியான்


ராயபுரம்
11.6.2024

சுஃபியான்,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே அம்மா குடித்துவிட்டாள். உனக்குக் கொடுக்கும் முன் பிஸ்மி சொல்லித் தானும் ஒரு மடக்கு குடித்தாளாம். நான் வேலை விட்டு வரும்போது கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடந்தாள். “சுவரு மூச்சு வுடுதுடி. குரான் ஆயத்து எழுத்தெல்லாம் எறங்கி வருதுடி” என்று கத்தினாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கடிதம் வந்த பிறகு டாக்டரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன்.

உயிருக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் தொழவில்லை. தொழுகிற முஸல்லா விரிப்பைச் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிட்டாள். “ஓதின தண்ணியே என்ன வெரட்டிச்சு. அல்லா என்ன தள்ளி வெச்சுட்டான்” என்கிறாள். பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் காதைப் பொத்திக்கொள்கிறாள்.

உண்மையைச் சொன்னால் உன்னை வெறுத்துவிடுவாள். சொல்லாவிட்டால் பயத்திலேயே போய்விடுவாள். நான் என்ன செய்ய?

உமைமா


14.6.2024

அக்கா,

சொல்லிவிடு. அல்லாஹ் அவளை விரட்டவில்லை, நான் வாங்கி வைத்த கருமம்தான் விரட்டியது என்று இந்தக் கடிதத்தையே படித்துக் காட்டு. என் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றால் அதையும் நான் பொறுத்துக்கொள்கிறேன். அவள் பயப்படக் கூடாது.

சுஃபியான்


ராயபுரம்
19.6.2024

தம்பிக்கு,

ஸலாம். படித்துக் காட்டினேன். அம்மா கடைசி வரை கேட்டாள், அழவில்லை. “அப்ப அது ஆயத்து இல்லியா?” என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். எழுந்து போய் முகம் கைகால் கழுவி ஒளு செய்து அஸர் தொழுதாள். ஸஜ்தாவிலிருந்து தலையைத் தூக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்தச் சந்தோஷத்தில் கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை சுஃபியானுக்கு என்ன செய்து எடுத்துப் போகலாம் என்று.

“இன்னா வேணுமோ செஞ்சு எத்துகினு போ. நா வரல” என்றாள். பிறகு முஸல்லாவை மடித்துக்கொண்டே சொன்னாள்: “அவன் இந்த வூட்டுக்கும் வர வேணாம். எனக்கு இப்ப அவன நெனச்சாதான் பயமா கீது.”

ஞாயிறு நான் மட்டும் வருகிறேன். வாசலில் அவளைத் தேடாதே.

அக்கா,
உமைமா