ஏழாம் ஆண்டு

பாபாவுக்கு சலாம். முழங்கால் வலி குறைந்ததா? கராச்சியில் எங்கள் பதிப்புக் குழு மூன்று நாள் விவாதித்து, அடிக்குறிப்பு எண்களைச் சிவப்பு மையில் அச்சிட முடிவெடுத்தது.

நபிகள் வரலாற்றை ஆண்டுவாரியாகச் சொல்லும் பழைய சிந்தி ஏட்டில் ஏழாம் ஆண்டைக் கரையான் தின்றுவிட்டது. அதை மனப்பாடமாக ஓதும் மௌலவி சாலேவைத் தட்டாவிலிருந்து வரவழைத்திருந்தோம்.

“முதல்ல மை முடிவாகட்டும், மௌலவி சாயீன்” என்று மரியாதையாகவே சொன்னார் தலைவர்.

“வரியாம், உங்க மை காயறதுக்குள்ள நான் காஞ்சிடுவேன்டா” என்று மௌலவி என் பெயர் சொல்லிச் சிரித்தார்.

குழு கேட்பதற்கு முன் அவர் ஓதுவதை நான் எழுதிக்கொள்வது விதிப்படி தவறு. இரவுகளில் என் அறையில்தான் தங்கினார். நான்காம் நாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு ஒன்றுமில்லை, கவலைப்படாதீர்கள்.

என் போர்வையைப் போர்த்தித்தான் உடலை ஊருக்கு அனுப்பினோம். அம்மாவிடம் சொல்லி இன்னொன்று தைத்து அனுப்புங்கள், அறை குளிர்கிறது. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

நூல் நேற்று அச்சுக்குப் போனது. ஆறாம் ஆண்டுக்கு அடுத்த பக்கத்தில் எட்டாம் ஆண்டு தொடங்குகிறது.