முதல் சந்தனம்

இன்று காலை முகம் கழுவக் கையைத் தூக்கினேன். மணிக்கட்டில் சந்தனம் மணந்தது. நேற்று சாயங்காலக் கச்சேரியில் பூசியது. காய்ந்து வெடித்திருந்தாலும் வாசம் போகவில்லை. உடனே உன் ஞாபகம் வந்தது, கூடவே பழைய எரிச்சலும் வந்தது. நீ போய் எட்டு மாதம் ஆகியும் உன்மேல் பொறாமைப்பட எனக்கு வெட்கமாக இல்லை. எதிரெதிர் வீட்டில் இருபது வருஷம் தறி போட்ட பழக்கம் அப்படி.

பெருமாள் கோயில் மண்டபத்து வழக்கத்தை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதினால்தான் எனக்கு ஆறும். வைகாசி உற்சவத்துக்கு வேலூர்ப் பக்கத்திலிருந்து அந்தப் பாகவதர் வருவார். பாட உட்கார்ந்ததும் சந்தனக் கிண்ணம் வரும். அவர் யாரைக் காட்டுகிறாரோ அவருக்குத்தான் முதல் சந்தனம். பணக்காரருக்கோ பதவிக்காரருக்கோ அல்ல, கேட்கத் தெரிந்தவருக்கு. ஐந்து வருஷம் தொடர்ந்து அவர் விரல் உன்னைத்தான் காட்டியது. பாடும்போதும் ஒரு இடத்தை முடித்துவிட்டு உன் முகத்தைப் பார்ப்பார். நீ லேசாகத் தலையை அசைப்பாய். பக்கத்தில் உட்கார்ந்து தொண்டை கிழிய சபாஷ் போட்ட என்னை அவர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

நீ பாட்டுப் படித்தவனாக இருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ராகத்தின் பேர் எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. என்னைப் போலவே நாள் முழுக்கத் தறிக்குழியில் கிடந்தவன் நீ. உனக்கு மட்டும் எப்படி என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். "கேக்கறதுக்குக் காது போதும்பா. நீ வாயால கேட்டுகினு இருக்கிற" என்று சிரித்தாய். இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை.

பிறகு அந்தக் கச்சேரி. முன்வரிசையில் நாம் உட்கார நீளப் பலகை போட்டிருந்தார்கள். பாகவதர் ஏழு ஏழாக எண்ணும் தாளத்தில் ஒன்றை எடுத்தார். தறியில் இரண்டே மிதி. வலது, இடது, வலது, இடது என்று மிதித்த கால் வேறு கணக்குக்கு வராது. நம் தெருவில் எல்லோருக்கும் உள்ள வியாதிதான் இது. அதனால்தான் நீ எப்போதும் சம்மணம் போட்டு இரண்டு காலையும் தொடைக்கடியில் அடக்கிக்கொள்வாய். நான் அப்படி அடக்குவேனா? அவர் பார்வை என் பக்கம் திரும்ப வேண்டுமென்று, குதிகாலால் பலகையைத் தட்டித் தாளம் போட்டேன். தட்டத் தட்ட, என்னை அறியாமலே கால் தறிக் கணக்குக்குப் போய்விட்டது. மிருதங்கக்காரர் தடுமாறினார். பாகவதர் பாட்டை நிறுத்தினார்.

"யாரங்கே தறி நெய்யறது?" என்றார்.

மண்டபமே சிரித்தது. அதற்குள் நீ கையைத் தூக்கினாய்.

"என் காலுதாங்க சாமி. மன்னிச்சிக்கினு பாடுங்க."

அவர் உன்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி பாட ஆரம்பித்தார். உனக்கு நன்றி சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. இனி முதல் சந்தனம் உனக்கு இல்லை என்றுதான் தோன்றியது, சந்தோஷமாகவும் இருந்தது. ஊரில் உனக்குத் 'தறிக்கால்' என்று பேர் வைத்தார்கள். நானும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நீ திரும்பிப் பார்த்துச் சிரிப்பாய், அவ்வளவுதான். மறு வருஷமும் அவர் விரல் உன்னைத்தான் காட்டியது. வயிறு எரிந்து, மங்களம் பாடுமுன் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். புரட்டாசிக் காய்ச்சலில் நீ போகிறவரை அந்த எரிச்சல் அடங்கவில்லை.

நேற்று, புதுசாக விட்டிருக்கிற ரயிலில் வந்து இறங்கினாராம் பாகவதர். கிண்ணம் வந்ததும் முன்வரிசையைத் தேடினார். உன் இடம் காலியாக இருந்தது. விசாரித்தார், யாரோ சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு என்ன வந்ததோ, எழுந்து நின்றேன்.

"அன்னிக்குத் தட்டினது என் காலுங்க சாமி."

"தெரியும். சம்மணம் போட்டவர் கால் எப்படிப் பலகையைத் தட்டும்?" என்றார். பிறகு கிண்ணம் வைத்திருந்தவரிடம், "அவருடையதை இவருக்குக் கொடும்" என்றார்.

அத்தனை வருஷம் ஏங்கிய முதல் சந்தனம் கைக்கு வந்தது. அதுவும் உன்னுடையது. போன பிறகும் என்னை ஜெயித்துவிட்டாயே, பாவி. கச்சேரி முழுவதும் உன்னைப் போலச் சம்மணம் போட்டுக் காலை அடக்கி உட்கார்ந்திருந்தேன். முதல் தடவையாகப் பாட்டு காதில் விழுந்தது. ஒரு இடத்தில் தாங்க முடியாமல் உன் பக்கம் திரும்பிவிட்டேன்.

சந்தனக் கையோடு பட்டு நூலைத் தொடக் கூடாது, கறை ஏறிவிடும். காலையிலிருந்து வீட்டில் தண்ணீரோடு நிற்கிறார்கள். தறியில் பாவு பாதி நெய்தபடி கிடக்கிறது. நான் இன்னும் கையைக் கழுவவில்லை.