கூப்பிடுபாட்டு

பங்குனி 27, செவ்வாய்.

தவணைப் பரீட்சைத் தாள்களை இன்றைக்கு ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுத்தேன். கைபேசியில் அழைப்பு வரும்போது கேட்கும் பாட்டுக்கு என்ன தமிழ்ச் சொல் என்று ஒரு கேள்வி. 'அழைப்பொலி' என்பது விடை. சப்ரினா 'கூப்பிடுபாட்டு' என்று எழுதியிருந்தாள். பிழை போட்டிருந்தேன்.

தாளோடு என் மேசைக்கு வந்தாள். "இது ஏன் டீச்சர் பிழை?"

"அழைப்பொலி எண்டுதானே படிப்பிச்சனான்."

"அதுவும் யாரோ புதுசா உண்டாக்கினதுதானே டீச்சர்? வாப்பா கடலுக்குப் போனா உம்மா போனை என்னட்டத் தந்து, கூப்பிடுபாட்டு கேட்டா ஓடி வா எண்டுதான் சொல்லுவாங்க."

வகுப்புக்கு முன்னால் என்னை மடக்கிவிட்டாள். அந்தக் கோபத்தில், "ஓம், உங்கட உம்மா பெரிய பண்டிதர்தான்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவளுடைய உம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அது பிள்ளைகளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கடைசிப் பாடத்தில் செய்யுளைச் சொல்லச் சப்ரினாவை எழுப்பினேன். அவளுக்கு அது மனப்பாடம். "தெரியா டீச்சர்" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டாள்.

பஸ்ஸில் நுரைச்சோலை தாண்டும்வரை அவளுடைய முகம்தான். சொல் நல்ல சொல். புள்ளியைத் திருத்திக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். உம்மாவைப் பற்றிச் சொன்னதுக்கு அந்த வகுப்புக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். பதினொரு வருடத்தில் ஒரு பிள்ளையிடமும் நான் கேட்டதில்லை.

நாளைக்கு அவள் பள்ளிக்கூடம் வந்துவிட வேண்டும்.