கார்ட்டூன் அக்காவின் கைதட்டல்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் துபாயிலிருந்து அனுப்பிய டேப்லெட்டில் கார்ட்டூன் அக்கா தினமும் பாடம் எடுக்கிறாள். அவள் வாயசைவைப் பார்த்தே, காது கேளாத நம் மகள் ‘பூ’, ‘பால்’, ‘திற’ என்று சொல்லிப் பழகிவிட்டாள்.

நேற்று ஆவூர்த் தேர். “புள்ளையக் கூட்டிக்கிட்டு வந்தா ஆளாளுக்குக் கேப்பாங்க. நீ இங்கிட்டே இரு” என்று அத்தை வழக்கம்போல வெளியே பூட்டிவிட்டுப் போனார்கள். பாதுகாப்புக்குத்தான், நான் குறை சொல்லவில்லை.

வேட்டுச் சத்தத்தில் கதவு அதிர்ந்தது. பாப்பா அதில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். பிறகு டேப்லெட்டைக் கதவருகே கொண்டுபோய், அந்த அக்காவிடம் “திற” என்றாள். அக்கா கைதட்டி, மறுபடியும் சொல்லச் சொன்னாள். பாப்பா சொன்னாள். கதவைப் பார்த்தாள். மறுபடியும் சொன்னாள்.

கடைசியில் நானும் சேர்ந்து சொன்னேன். அக்கா எனக்கும் கைதட்டினாள்.

பாப்பாவின் அம்மா